பாறைமேல் நின்று கூப்பிட்ட பேர்

சின்னராசுவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். ஆள் கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். நல்ல மனுஷன். அதிலும், மேலே இருந்து ஒரு வேலை சொன்னால் இம்மி பிசகாமல் செய்து முடிக்கிற நல்ல மனுஷன். அப்படிப்பட்டவரோடு சேர்ந்து வேலை பார்ப்பது லேசில்லை.

நான் அடிவாரத்துக்காரி. பேளுக்குறிச்சிப் பக்கம் எங்கள் தோட்டம். கிராம சுகாதார நர்சாக மலைமேல் வாழவந்தி நாட்டுக்குப் போட்டபோது அழுதுகொண்டுதான் பஸ் ஏறினேன். அங்கே நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. ஹேமலதா என்கிற என் பெயரை மலையில் யாரும் உபயோகப்படுத்தவில்லை. நர்சம்மா, அவ்வளவுதான். நான் குடியிருந்த துணை சுகாதார நிலையம் அவர்களுக்கு நர்சூடு. சின்னராசு அந்த ஊர்த் தலையாரி. காகிதத்தில் கிராம உதவியாளர் என்று இருக்கும். ஆபீசில் சொல்வதை ஊருக்குச் சொல்வதும் ஊரில் நடப்பதை ஆபீசுக்குச் சொல்வதும் வேலை. மற்ற நேரத்தில் சொந்தக் காட்டில் சாமை, குச்சிக்கிழங்கு, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக்கொடி. ஒல்லியான ஆள், சட்டை எப்போதும் ஒரு அளவு பெரிதாகத் தொங்கும். ஆனால் தொண்டை இருக்கிறதே, அந்த உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அங்கே வீடுகள் சேர்ந்தாற்போல் இருக்காது. இந்தச் சரிவில் கொஞ்சம், ஓடைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம், மேலே காட்டை ஒட்டிக் கொஞ்சம் என்று இறைந்து கிடக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்கி ஏறித் தகவல் சொல்வதென்றால் பொழுது போய்விடும். அதனால் மேட்டில் நின்று கூப்பிட்டுப் பேசுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். எருமை வீடு திரும்பவில்லை என்பதையும், குழம்புக்கு என்ன வைப்பது என்பதையும்கூடச் சரிவுக்குச் சரிவு கத்திக்கொள்வார்கள். ஊருக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறை. தலையாரி அதில் ஏறி நின்றால் ஆபீஸ் தகவல் என்று அர்த்தம். காட்டில் குனிந்திருப்பவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள்.

பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பொதுவாகச் சொன்னால் ஒவ்வொருத்தனும் அது அடுத்தவனுக்கு என்று நினைத்துக்கொள்வான், பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் மரியாதை என்பார். கண் முகாம் வந்தால் யார் யாருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று வரிசையாகக் கூப்பிடுவார். போலியோ சொட்டு மருந்து என்றால் தொட்டில் பிள்ளையின் பேர்கூடப் பாறையிலிருந்து ஒலிக்கும். கூப்பிட்டவர்கள் எதிர்ச்சரிவிலிருந்து பதில் கொடுப்பார்கள். என் முகாமுக்கு ஆள் சேர்வது அவர் தொண்டையால்தான் என்பதை நான் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் தீயில் வெந்துபோன செய்தி எங்கும் பேச்சாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மனநோயைப் பற்றி ஊரில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித்தர வேண்டும் என்று கிளம்பினார்கள். இரண்டாயிரத்து இரண்டில் செம்மேட்டில் ஒரு பயிற்சி வைத்தார்கள். தலையாரிகள், அங்கன்வாடி டீச்சர்கள், வனத்துறை வாட்சர்கள், ரேஷன் கடைக்காரர், இரண்டு பஸ் கண்டக்டர்கள், என்னைப் போன்ற நர்சுகள். சேலத்திலிருந்து டாக்டர் கௌசிகா வந்திருந்தார். சின்ன வயசு, கனிவான பேச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் சொக்கி விழுந்தார்கள். சின்னராசு முதல் வரிசையில் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

யார் தூங்காமல் கிடக்கிறார்கள், யார் தனியாகப் பேசுகிறார்கள், யார் சோறு தண்ணீர் வேண்டாமென்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனிக்கச் சொன்னார் டாக்டர். கோயிலுக்குப் போகிறவர்களைத் தடுக்க வேண்டாம், எங்களிடமும் வரச் சொல்லுங்கள் என்றார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, காய்ச்சல் தலைவலியைச் சொல்வதுபோல வெளிப்படையாகச் சொல்லிப் பழகுங்கள், மூடி மறைப்பதால்தான் சங்கிலி வரைக்கும் போகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதெல்லாம் சரிதான். மற்றவர்கள் நாங்கள் அதை டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டு வந்தோம். சின்னராசு நம்பினார். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதமே அவர் சுகுணாவைக் கண்டுபிடித்தார். ஓடைக்கு அந்தப் பக்கத்து அப்பாசாமியின் மகள். எடப்புளி நாட்டில் யுவராஜுக்குக் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் போல ஆகியும் புருஷன் வீட்டுக்கு அனுப்பவில்லை. கேட்டால் சளி, காய்ச்சல் என்று அவள் அம்மா பொன்னம்மாள் ஏதாவது சொல்லி மழுப்புவாள். நான் எடை போடப் போனால் குழந்தையை மட்டும் வாசலுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். தலையாரி ஏதோ வேலையாகப் போனபோது கதவு திறந்திருந்திருக்கிறது. சுகுணா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை அழுது அழுது குரல் மங்கிக் கிடக்கிறது. அவள் திரும்பவே இல்லை. சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் என்னிடம் ஓடிவந்து சொன்னார். நான் போய் மணிக்கணக்கில் பேசி, பிரசவமானவர்கள் சிலருக்கு இப்படி வருவதுண்டு, மருந்தில் தீரும் என்று சொல்லி, பொன்னம்மாளைச் சம்மதிக்க வைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எடப்புளி நாட்டுக்குத் தெரியக் கூடாது. அவர்கள் வழக்கத்தில் குழந்தை தகப்பன் வீட்டுக்குச் சொந்தம். பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்று காதில் விழுந்தால், உறவை அறுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளையும் போனால் சுகுணா எழுந்திருக்கவே மாட்டாள் என்று அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளிக்கிழமை டாக்டர் கௌசிகா நர்சூட்டுக்கு வரும்போது, குழந்தைக்குத் தடுப்பூசி என்று சொல்லி அழைத்து வருவதாகப் பேச்சு. டாக்டர் வருவதைத் தலையாரியிடம் சொன்ன நான், அதை மறைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை நானே நேரில் போய் நினைவூட்டுவதாக இருந்தேன், செவ்வாய்க்கிழமையே விதி முந்திக்கொண்டது. வெள்ளிக்கிழமை வேறு கூட்டம் இருப்பதால் டாக்டர் புதன்கிழமையே வருகிறார் என்று செம்மேட்டிலிருந்து வந்த கண்டக்டர் தலையாரியிடம் நேராகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஓடையில் தண்ணீர் புரண்டு போனது. அப்பாசாமி வீட்டுக்கு இறங்க முடியாது. சொல்லாமல் விட்டால் டாக்டர் வந்து காத்திருந்து திரும்பிவிடுவார். சின்னராசு பாறையில் ஏறிவிட்டார்.

நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். மழை விட்ட சமயம், காற்று இல்லை, சரிவு முழுக்கக் கேட்டது.

"அப்பாசாமியண்ணோவ்... உங்க சுகுணாவைப் பாக்கற மனசுநோவு டாக்டரம்மா நாளைக்கே வாராங்களாமுங்கோவ்... புள்ளைய நர்சூட்டுக்குக் கூட்டியாந்துருங்கோவ்..."

ஒரு தடவை சொன்னதோடு விட்டாரா? பதில் வரவில்லை என்று மறுபடியும் கூப்பிட்டார். அப்புறம், செம்மேட்டில் படித்த பாடம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இது பைத்தியமில்லீங்கோ... காச்ச மாதிரி ஒரு நோவுதானுங்கோ... வெக்கப்படாம வாங்கோவ்..." என்று சேர்த்துக் கூப்பிட்டார். அதுவரை என்ன ஏது என்று தெரியாதவர்களுக்கும் அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. காட்டில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து அப்பாசாமி வீட்டைப் பார்த்தார்கள். அந்த வீட்டிலிருந்து பதில் குரல் வரவே இல்லை. கதவு சாத்தப்படுவது மட்டும் எனக்குத் தெரிந்தது.

குடத்தைப் போட்டுவிட்டுப் பாறைக்கு ஓடினேன். அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார், முகத்தில் வேலையை முடித்த திருப்தி.

"சொல்லிட்டேனுங்க, நர்சம்மா."

என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வெட்கப்பட வேண்டாம் என்று டாக்டரம்மாவே சொன்னதைத்தானே சொன்னேன் என்று குழந்தைபோலக் கேட்டார். எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறிவிட்டது.

"உங்க ஊட்டுல ஒருத்தருக்குன்னா இப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா? உங்களுக்கே வந்திருந்தா கூப்பிடுவீங்களா?"

அவர் கண் ஒரு தடவை ஓடைப் பக்கம் போய் வந்தது. நின்ற இடத்திலேயே பாறையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவருக்குப் பாடம் மட்டும்தான் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். மறுநாள் டாக்டர் வந்து காத்திருந்துவிட்டுப் போனார், அப்பாசாமி வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

அவர் கூப்பிட்ட அன்றைக்கு மிளகுக்கொடி வாங்க வந்து பஸ்ஸுக்காக நின்றவர்களில் இரண்டு பேர் எடப்புளி நாட்டுக்காரர்கள். அந்த வாரச் சந்தைக்குள் சேதி போய்விட்டது. சுகுணாவின் மாமியார் நஞ்சம்மாள் ஜீப் பிடித்து ஆட்களோடு வந்து இறங்கினாள். வாசலில் நின்று சண்டை போடவில்லை. உள்ளே போய்ச் சுகுணாவை ஒரு பார்வை பார்த்தாள். தொட்டிலில் கிடந்த குழந்தையை எடுத்துத் துணியில் சுற்றினாள். யுவராஜ் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. நாட்டுக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அதுவரை குழந்தையைத் திரும்பிப் பார்க்காத சுகுணா, அது போன மறுநாளிலிருந்து தேட ஆரம்பித்தாள். தொட்டிலைத் தடவுவாள், மிளகு காயப்போட்ட பாயைப் புரட்டிப் பார்ப்பாள், வெளியே ஓடுவாள். மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் கொதித்தது. நான் ஒத்தடம் கொடுக்கப் போனபோது வீட்டுக்கு வெளியே வேலியோரம் சின்னராசு நின்றிருந்தார். அப்பாசாமி அவர்மேல் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். சின்னராசு துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, நின்றுகொண்டே இருந்தார். உள்ளே சுகுணா "எம்புள்ள எங்கீங்க" என்று என்னிடம் கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கும். நான் வெளியே வந்தபோது அந்த மனிதர் வேலிக் குச்சியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். பாவமாக இருந்தது. ஆனாலும் நான் பேசவில்லை. பேசினால் திட்டத்தான் வந்திருக்கும்.

எடப்புளி நாட்டில் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். நாட்டுக்குத் தலைவரான பட்டக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். சுகுணாவைக் கூட்டிவர ஆள் வேண்டும் என்பதற்காக நானும் போயிருந்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் நான் யாருக்கும் தெரியாமல் அழைத்துப் போன டாக்டர் கொடுத்த மருந்தில் கொஞ்சம் அமைதியாகி, என் தோளில் சாய்ந்து தூக்கக் கலக்கத்தில் இருந்தாள். எதிர்ப்பக்கம் நஞ்சம்மாள் மடியில் குழந்தை. சின்னராசு கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். வரும் வழியில் என்னிடம், எல்லார் காலிலும் விழுந்துவிடுவேன், அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நஞ்சம்மாள் பக்கம் பேசியவர்கள் சுருக்கமாகப் பேசினார்கள். புத்தி சரியில்லாத பெண்ணை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள், அறுத்துவிடுங்கள், பிள்ளை எங்களுடையது. அப்பாசாமி, பெண்ணுக்கு ஒன்றுமில்லை, வெறும் பிரசவக் காய்ச்சல்தான் என்று சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்தது. யாரும் நம்பவில்லை. சர்க்கார் ஆள் பாறையில் நின்று சொன்னதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார்கள். பட்டக்காரர் சின்னராசுவை முன்னால் வரச் சொன்னார்.

"நீ கூப்பிட்டது நெசந்தானா?"

"கூப்பிட்டேனுங்க."

"டாக்டரு பாக்க வாரது இந்தப் புள்ளையத்தானா? சாமி முன்னால நிக்கற, பாத்துச் சொல்லு."

சின்னராசு காலில் விழவில்லை. சுகுணாவைப் பார்த்தார். அவள் அரைத் தூக்கத்தில் எதிரே இருந்த குழந்தையைப் பார்த்தபடி கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"இல்லீங்க. டாக்டரம்மா வரச் சொன்னது என்னையத்தானுங்க. எனக்குத்தான் நோவுங்க, ரொம்ப நாளா. எம்பேரைச் சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க. அண்ணன் ஊட்டுப் புள்ள காச்சலாக் கெடக்குதுன்னு தெரியும், அது பேரைப் போட்டுக் கூப்பிட்டுட்டேனுங்க."

அந்த மனிதர் பொய் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால் எல்லோரும் நம்பினார்கள். நம்பியதும் கிளம்பியது கூச்சல். தன் நோவை மறைக்க ஒரு பெண்பிள்ளை தலையில் போட்டிருக்கிறானே, இவனெல்லாம் ஒரு ஆளா, குடித்தனப் பெண்ணின் வாழ்வைக் கெடுக்கப் பார்த்தானே என்று ஆளாளுக்கு எழுந்தார்கள். ஒருத்தர் அவர் துண்டைப் பிடுங்கி எறிந்தார். பட்டக்காரர் அவரைத் தரையில் விழுந்து அப்பாசாமியிடமும் யுவராஜிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். விழுந்தார். எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

காய்ச்சல் தீர்ந்து உடம்பு தேறியதும் சுகுணாவை அழைத்துக்கொள்வது, அதுவரை குழந்தை தாயிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. நஞ்சம்மாள் எழுந்து வந்து குழந்தையைப் பொன்னம்மாளிடம் கொடுத்தாள். அப்போது பார்த்துச் சின்னராசு புழுதியோடு எழுந்து அந்தப் பக்கம் வந்தார். குழந்தையைக் கிட்டத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். கை கொஞ்சம் முன்னால் வந்தது.

"பைத்தியம் புடிச்சவன் கை புள்ள மேல படாமப் பாத்துக்கங்க" என்றாள் நஞ்சம்மாள்.

பொன்னம்மாள், "சரிங்க" என்றாள். சொல்லிவிட்டுக் குழந்தையை மாராப்புக்குள் மறைத்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அந்த ஆள் யாருக்காகப் புழுதியில் விழுந்து எழுந்தார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, அவளால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்கு அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது.

டாக்டர் கௌசிகாவிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். வெட்கப்படக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கத்தானே இத்தனை பாடுபடுகிறோம், இவர் அதை இன்னும் பெரிய வெட்கமாக்கிவிட்டு வந்திருக்கிறாரே, ஒரு பொய்யில் எல்லாம் பாழ் என்றார். எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. நீங்கள் சாயங்கால பஸ்ஸில் கீழே இறங்கிவிடுவீர்கள் டாக்டர், அவர்கள் இங்கேயே இருந்து பிழைக்க வேண்டும் என்றேன். பிறகு டாக்டர், குழந்தைக்கு எடை போடும் அறையில் சுகுணாவைத் தான் பார்ப்பதாகவும், சின்னராசுவையும் மெய்யாகவே பார்ப்பதாகவும், பொய்க்காக ஒருத்தருக்கும் மாத்திரை எழுத மாட்டேன் என்றும் சொன்னார்.

அப்படித்தான் நடந்தது. மாதா மாதம் டாக்டர் வரும் நாளில் சின்னராசு நர்சூட்டு வாசல் பெஞ்சில் வந்து உட்காருவார். பெஞ்சின் மற்ற பக்கம் காலியாகவே கிடக்கும். பொன்னம்மாள் சுகுணாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அவர் பக்கம் திரும்பாமல் உள்ளே போவாள். சின்னராசுவை உள்ளே அழைத்து டாக்டர் கேட்டபோது முதலில் தனக்கு ஒன்றுமில்லை என்றார். அப்புறம் தூக்கமே வருவதில்லை என்றார். கண்ணை மூடினால் தன் குரலே கேட்கிறது என்று சொல்லி அழுதார். டாக்டர் அன்றைக்கு அவரோடுதான் அதிக நேரம் பேசினார்.

ஊர் அவரை விட்டு வைக்கவில்லை. ஆபீசிலேயே கேலி செய்தார்கள். பெண்கள் தண்ணீருக்குப் போகும் வழியில் அவர் வந்தால் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். அவர் மனைவி என்னிடம் வந்து, ஊருக்கே உழைச்சீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா என்று புருஷனிடம் கேட்டதாகச் சொல்லி அழுதாள். அவளுக்கு உண்மை தெரியும். வெளியே சொல்ல வேண்டாம் என்று புருஷன் சத்தியம் வாங்கியிருந்தார். அவள் தன் அம்மா வீட்டுக்குப் போகும்போதுகூட 'பைத்தியக்காரன் பொண்டாட்டி' என்ற பேர் கூடவே போனது. தலையாரி அதற்குப் பிறகு பாறையில் ஏறவில்லை, தகவல் சொல்ல வீடு வீடாக நடந்தார். சில வீடுகளில் திண்ணையோரம் நிற்கவிட்டே பேசி அனுப்பினார்கள்.

சுகுணா தேறினாள். எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறேன், அவளைப்போல மெதுவாக, பூரணமாகத் தேறியவர்கள் கொஞ்சம். முதலில் தூக்கம் வந்தது, அப்புறம் பசி. ஒருநாள் நான் போனபோது குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டு, அது காலை உதைப்பதைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்குத்தான் பொன்னம்மாள் அவளிடம் நடந்ததை எல்லாம் சொன்னாளாம். பாறையில் கூப்பிட்டதும், கூட்டமும், அவர் சொன்ன பொய்யும். அவளுக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. கேட்ட பிறகு அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்றாள் பொன்னம்மாள்.

தை பிறந்ததும் யுவராஜும் நஞ்சம்மாளும் அழைத்துப் போக வந்தார்கள். அன்றைக்கு டாக்டர் வரும் நாள். பாப்பாவுக்கு எடை போட்டுவிட்டுப் போகலாம் என்று சுகுணா சொன்னதால் எல்லோருமாக மூட்டை முடிச்சோடு நர்சூட்டுக்கு வந்தார்கள். மாத்திரையை நிறுத்துவது பற்றி அவள் டாக்டரிடம் கேட்க வேண்டியிருந்தது. அது எனக்கும் அவள் அம்மாவுக்கும்தான் தெரியும். வாசலில் வழக்கம்போலச் சின்னராசு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து தள்ளிப் போகப் பார்த்தார்.

சுகுணா நேராக அவரிடம் போனாள். "உக்காருங்க, சித்தப்பா" என்றாள். அவர் உட்காரவும் குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

"செத்த புடிங்க. டாக்டரம்மாவப் பாத்துட்டு வாரேன்."

நஞ்சம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சுகுணா, அவன்கிட்டயா புள்ளையக் குடுக்கற?" என்று முன்னால் வந்தாள்.

சுகுணா திரும்பி நின்றாள். குரல் தெளிவாக இருந்தது.

"நோவு வந்தவங்க புள்ளையத் தொடக் கூடாதுன்னா எங்கிட்டயும் குடுக்கக் கூடாதுங்க, அத்தை. டாக்டரு பாத்தது என்னையத்தான். மாத்திர தின்னதும் நாந்தான். சித்தப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. டாக்டரின் எதிரே அவள் உட்காருவது வெளியிலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது. பொன்னம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்பாசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை மாதமாக அந்த பெஞ்சைக் கடந்து போன எங்கள் எல்லோருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

யுவராஜ் மூட்டையைக் கீழே வைத்தான். அம்மாவைப் பார்த்தான், திறந்திருந்த கதவைப் பார்த்தான். பிறகு வந்து, காலியாகக் கிடந்த பக்கத்தில், சின்னராசுவை ஒட்டி உட்கார்ந்தான். பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவன் எழுந்திருக்கவில்லை.

நஞ்சம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "புள்ள தலையில வெயிலு படுதுங்க, துணிய இழுத்து மூடுங்க" என்றாள்.

சின்னராசு தலை நிமிராமல் துணியைத் தேடினார், கைக்கு அகப்படவில்லை. நஞ்சம்மாளே வந்து குழந்தையின் தலையில் துணியை இழுத்துவிட்டாள். குழந்தையை அவர் மடியிலிருந்து எடுக்கவில்லை.